ஸ்வீடிஷில் ‘கல்யாணமானவர்’, ‘விஷம்’ இரண்டுக்கும் ஒரே சொல்லா? ‘கிஃப்ட்’ பற்றிச் சில சந்தேகங்கள்

தேடல்77:

ஆங்கிலத்தில் ‘கிஃப்ட்’ என்றால் பரிசு. அதே நான்கு எழுத்தை ஜெர்மன் அகராதியில் பார்த்தால் விஷம். ஸ்வீடிஷ் அகராதியில் இரண்டு பதிவுகள்: ஒன்று விஷம், மற்றது ‘மணமான’. டச்சில் பரிசும் உண்டு, விஷமும் உண்டு, ஆனால் விஷத்தில் கடைசி எழுத்தைக் காணோம். ஐஸ்லாண்டிக்கில் மணம் இருக்கிறது, விஷம் இல்லை.

இவையெல்லாம் ஒரே சொல்தானா, தற்செயல் ஒற்றுமையா? கொடுப்பது என்ற பொருள் எப்படி விஷமானது? ஸ்வீடிஷ் வாக்கியத்தில் எது எது என்று எப்படிப் பிரித்தறிவது? கூடவே இன்னொன்று. ஜெர்மனில் வரதட்சணைக்கு ‘மிட்கிஃப்ட்’ என்று பெயர். “வரதட்சணை விஷம் என்று ஜெர்மன்காரன் அன்றைக்கே சொல்லிவிட்டான்” என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறதே, அதில் உண்மை உண்டா?

வேர்க்கிழங்கு:

ஒரே சொல்தான். வாட்ஸ்அப் பதிவு தவறு. எந்த இடத்தில் தவறு என்று தெரிந்தால் மற்றதும் தெளிவாகிவிடும்.

‘கொடு’ என்ற வினையின் வேர் மூல ஜெர்மானிக்கில் (ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் போன்றவற்றின் பொதுத் தாய்மொழி) ‘கெப்-’, அதில் வரும் ப ஆங்கில ‘பி’ ஒலி. அதோடு ‘-தி’ என்ற பெயராக்க விகுதி சேரும்போது, த-வுக்கு முன்னால் அந்த ஒலி நிற்காது, எஃப் ஆகிவிடும். அப்படிப் பிறந்ததுதான் ‘கிஃப்திஸ்’, அதாவது கொடுத்தல், கொடை. இது ஒற்றை விதிவிலக்கு அல்ல, அச்சு மாதிரி. ஆங்கிலத்தில் டிரைவ் – டிரிஃப்ட், த்ரைவ் – த்ரிஃப்ட், ஷ்ரைவ் – ஷ்ரிஃப்ட் என்று வரிசையாக வரும். கிவ் – கிஃப்ட் அதே வரிசைதான். ஜெர்மனில் ஷ்ரைபன் (எழுது) – ஷ்ரிஃப்ட் (எழுத்து), ட்ரைபன் (ஓட்டு) – ட்ரிஃப்ட் (மேய்ச்சல் வழி), கேபன் (கொடு) – கிஃப்ட். ‘எஃப்டி’ என்று முடியும் பெயர்ச்சொல்லைக் கண்டால் பக்கத்தில் பி அல்லது வி உள்ள வினை ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பாதி நேரம் சிக்கும்.

அடுத்தது பொருள். மிகப் பழைய பதிவுகளில் இந்தச் சொல் பிறந்தநாள் பரிசு மாதிரியான எதையும் குறிக்கவில்லை, பெண்ணைக் கொடுப்பதைத்தான் குறித்தது. வுல்ஃபிலா 4ஆம் நூற்றாண்டில் பைபிளைக் கோதிக் என்ற பழைய ஜெர்மானிக் மொழியில் பெயர்த்தார். லூக்கா 1:27இல் மரியாள் யோசேப்புக்கு ‘நியமிக்கப்பட்டிருந்த’ கன்னிகை என்று வரும் இடத்தில் அவர் போட்ட சொல் ‘ஃப்ராகிஃப்ட்ஸ்’, நிச்சயதார்த்தம். பழைய ஆங்கிலத்திலும் இதே கதை. 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெசெக்ஸ் மன்னன் ஐனி வகுத்த சட்டத்தின் 31ஆம் பிரிவு, ஒருவன் பெண்ணுக்கு விலை பேசிப் பணம் கொடுத்த பிறகு ‘யிஃப்ட்’ நடக்காமல் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அங்கே அது பரிசே இல்லை, பெண் கொடுத்தல். அதன் பன்மை வடிவத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘கல்யாணம்’ என்றே பொருள்.

அப்படியானால் விஷம் எங்கிருந்து வந்தது? மருத்துவரிடமிருந்து. கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். நாம் ‘ஒரு டோஸ்’ என்கிறோமே, அதேதான். நோயாளிக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கும் அளவு என்று மருத்துவ லத்தீனுக்குள் நுழைந்த அந்தச் சொல்லைப் பழைய உயர் ஜெர்மனில் பொருள்பெயர்ப்பாக ‘கிஃப்ட்’ என்றார்கள். ‘அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்’ என்று பெயர் சொல்லாமல் சொல்லும் இடக்கரடக்கல் அதோடு சேர்ந்துகொண்டது. இடைக்கால ஜெர்மனில் ‘ஃபெர்கேபன்’ என்ற வினைக்கே ‘விஷம் வைத்தல்’ என்று ஒரு பொருள் இருந்தது. இன்று அதே வினைக்கு ‘மன்னித்தல்’ என்று பொருள்! இப்படிப் பூசி மெழுகுவது ஜெர்மன்காரர்களின் தனிக்குணம் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் எடுத்த ‘பாய்சன்’ லத்தீன் ‘போடியோ’விலிருந்து வந்தது, அதன் பொருள் வெறும் ‘பானம்’.

கொடை, விஷம் இரண்டும் ஜெர்மனில் சில நூற்றாண்டுகள் ஒன்றாகவே வாழ்ந்தன. முதலில் இரண்டுமே பெண்பால். பிறகு விஷப் பொருளில் பால் தடுமாறி, ஆண்பாலிலும் நடுப்பாலிலும் வந்து, கடைசியில் நடுப்பாலில் நிலைத்தது: ‘டாஸ் கிஃப்ட்’. கொடைப் பொருளுக்கு ‘காபே’, ‘கெஷெங்க்’ என்று வேறு சொற்கள் வந்துவிட, பழைய பெண்பால் ‘கிஃப்ட்’ தனிச்சொல்லாக வழக்கொழிந்து ஒரு கூட்டுச்சொல்லுக்குள் மட்டும் ஒதுங்கியது. அந்தக் கூட்டுச்சொல்தான் ‘டீ மிட்கிஃப்ட்’. ‘மிட்’ என்றால் ‘உடன்’. பெண்ணோடு உடன் கொடுத்தனுப்புவது. பால் இன்னும் பெண்பால்தான் என்பதைக் கவனியுங்கள். ஜெர்மன் கூட்டுச்சொல்லின் பாலை முடிவு செய்வது கடைசிச் சொல். விஷமாக இருந்திருந்தால் ‘டாஸ் மிட்கிஃப்ட்’ என்றல்லவா இருக்க வேண்டும்? வாட்ஸ்அப் பதிவு விழுவது இந்தப் பால் வேறுபாட்டில்தான். வரதட்சணை விஷம் என்பது நல்ல கருத்து, ஆனால் அதற்குச் சாட்சி சொல்ல ஜெர்மன் இலக்கணம் வராது.

வடகடல்:

ஸ்வீடிஷ் பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்காண்டிநேவியாவில் இந்தச் சொல் இரண்டு வாசல் வழியாக வந்தது. மணம் என்ற பொருள் வீட்டுச் சொத்து. பழைய நார்ஸில் (வைக்கிங் காலத்து ஸ்காண்டிநேவிய மொழி) ‘கிப்தா’ (எழுத்தில் ‘பி-டி’, ஒலியில் ‘எஃப்-டி’) என்றால் பெண்ணைக் கட்டிக்கொடு. விஷம் என்ற பொருள் வெளியிலிருந்து வந்தது. ஹன்சா (வட ஜெர்மன் வணிக நகரங்களின் கூட்டமைப்பு) வணிகர்கள் லூபெக்கிலிருந்து வடகடல், பால்டிக் துறைமுகங்களை ஆண்ட காலத்தில் கீழ் ஜெர்மன் (வட ஜெர்மனியின் மொழி) சொற்கள் கூட்டம் கூட்டமாக டேனிஷிலும் ஸ்வீடிஷிலும் இறங்கின, அவற்றில் இதுவும் ஒன்று. ஆகவே ஸ்வீடிஷ் அகராதியில் இரண்டு பதிவாக இருப்பது நியாயமே. ஒன்று உள்ளூரிலேயே வளர்ந்த பிள்ளை. மற்றது ஜெர்மனியில் வளர்ந்து, குணம் மாறி, அதே முகத்தோடு ஊர் திரும்பிய பிள்ளை.

உச்சரிப்பு முதலில். ஸ்வீடிஷில் ‘ஐ’ எழுத்துக்கு முன் வரும் ‘ஜி’ ய-வாக ஒலிக்கும். இரண்டு பொருளிலும் ‘யிஃப்ட்’தான். நார்வேஜியனிலும் அப்படியே. டேனிஷில் மட்டும் வல்லின ‘கிஃப்ட்’. ஆகவே காதால் பிரிக்க முடியாது, இலக்கணம்தான் கைகொடுக்கும்.

‘மணமான’ என்பது பெயரடை. ‘ஏர்’ (இருக்கிறார்), ‘ப்ளேவ்’ (ஆனார்) போன்ற வினைக்குப் பின்னால் சுட்டுச்சொல் இல்லாமல் தனியாக நிற்கும்: ‘ஹூன் ஏர் யிஃப்ட்’, அவள் மணமானவள். பின்னால் ‘மேட்’ (உடன்) வந்தால் சந்தேகமே வேண்டாம், யாரை மணந்தார் என்று வரப்போகிறது. பன்மையில் ‘யிஃப்டா’. விஷம் நடுப்பால் பெயர்ச்சொல், முன்னால் ‘எத்’ வரும்: ‘எத் யிஃப்ட்’. ‘யிஃப்டிக்’ என்று ‘-இக்’ விகுதி கண்டால் எப்போதும் நச்சுள்ள என்றுதான் பொருள்.

இதுவரை சுலபம். மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ‘யிஃப்டர்’ என்ற வடிவம் ‘மணக்கிறார்’ என்ற நிகழ்காலமும் ஆகும், ‘விஷங்கள்’ என்ற பன்மையும் ஆகும். மணப் பொருளில் இது பெரும்பாலும் ‘சை’ என்ற தற்சுட்டோடு ‘யிஃப்டர் சை’ என்று வரும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டாவது ‘யிஃப்டெத்’. அந்த விஷம் என்றும் பொருள், ‘யிஃப்டே’ (மணவாழ்க்கை) என்ற சொல்லின் சுட்டு வடிவமாக ‘அந்த மணம்’ என்றும் பொருள். எழுத்தில் ஒன்றே. பேச்சில் ஸ்வீடிஷின் இரண்டு தொனிகள் பிரித்துக் காட்டும்: விஷம் முதல் தொனி, மணம் இரண்டாம் தொனி. எழுத்தில், பக்கத்தில் ‘முதல்’, ‘இரண்டாவது’ என்ற எண் இருந்தால் அநேகமாக மணம்தான், முதல் தாரத்துப் பிள்ளைகள் என்கிற மாதிரி.

மூன்றாவது கூட்டுச்சொல். பொதுவாக ‘யிஃப்ட்’ அப்படியே ஒட்டினால் விஷம், நடுவில் ‘ஓ’ (எழுத்தில் ஓ, ஒலியில் ஊ), ‘எர்’, ‘ஆஸ்’ மாதிரி ஒட்டு வந்தால் மணம். ‘யிஃப்ட்ஃப்ரீ’ விஷமற்றது, ‘யிஃப்டர்மோல்’ திருமணம், ‘யிஃப்டாஸ்வுக்சன்’ கல்யாண வயசு வந்தவர். இந்த விதியை மனப்பாடம் செய்தவர்கள் தவறாமல் விழும் குழி ‘யிஃப்டூர்ம்’. ‘ஓ’ இருக்கிறதே என்று மணத்தில் சேர்த்துவிடுவார்கள். அது யிஃப்ட் + ஊர்ம், விஷப்பாம்பு. சொல் தொடங்கும் இடத்தை மட்டும் பார்க்காமல் மிச்சம் ஒரு முழுச் சொல்லாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதேபோல ‘ஹெம்யிஃப்ட்’ என்றால் வீட்டு விஷம் அல்ல, பிறந்த வீட்டுச் சீதனம். மிட்கிஃப்ட் மாதிரி பழைய கொடைப் பொருள் ஒளிந்திருக்கும் இன்னொரு மூலை.

சட்டச் சொற்களில் இந்த மண-வேர் நன்றாக வேரோடியிருக்கிறது. 1734ஆம் ஆண்டு ஸ்வீடிஷ் சட்டத் தொகுப்பின் முதல் பகுதியே திருமணப் பகுதி, ‘யிஃப்டர்மோல்ஸ் பால்க்’. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் அதிகாரம் பெற்ற ஆண் உறவினருக்கு ‘யிஃப்டூமான்’ என்று பெயர். அப்பா இல்லையென்றால் அந்த உரிமை உறவில் வேறொருவருக்குப் போகும். அந்தப் பதவி ஒழிந்துவிட்டது. ஆனால் கணவன் மனைவி சொத்தைப் பங்கிடும் உரிமையான ‘யிஃப்டூரெத்’ 1987ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்திலும் இருக்கிறது. ஸ்வீடிஷ் விவாகரத்துப் பத்திரத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் ‘விஷ உரிமை’ என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். தானியங்கி மொழிபெயர்ப்பில் கூட்டுச்சொல்லைத் தப்பான இடத்தில் வெட்டினால் அந்த விபத்து நடக்கும்.

ஐஸ்லாண்டிக்கில் விஷப் பொருள் ஏன் இல்லை என்றால், அங்கே பழைய சொல் இடத்தைவிட்டு நகரவில்லை. ஜெர்மானிக் மொழிகளில் விஷத்துக்கு அசல் சொல் வேறு. ஐஸ்லாண்டிக்கில் அது ‘எய்துர்’. ஜெர்மனில் அதே சொல் ‘ஐட்டர்’ ஆகி, சீழ் என்று பொருள் சுருங்கிவிட்டது. காலியான நாற்காலியில்தான் ‘கிஃப்ட்’ உட்கார்ந்தது. ஸ்வீடிஷில் ‘எத்தர்’ பாம்பின் நஞ்சுக்கு மட்டும் மிச்சம். டேனிஷில் சிலந்திக்கு ‘எடர்கோப்’ என்று பெயர், அதில் முதல் பாதி இந்த நஞ்சுதான். பழைய ஆங்கிலமும் சிலந்தியை ‘ஆட்டர்கோப்பே’ என்றது.

ஐஸ்லாண்டிக்கில் ‘கிஃப்தா’ என்ற பெயர்ச்சொல் இருக்கிறது, ஆனால் அதற்கு ‘நல்லூழ், அதிர்ஷ்டம்’ என்று பொருள். மேலிருந்து கொடுக்கப்பட்டது.

சந்திப்பிழை:

மேலே இருவரும் டச்சைத் தாண்டிப் போய்விட்டார்கள். கேள்வியில் உள்ள ‘கடைசி எழுத்தைக் காணோம்’ என்பதற்குப் பதில்: அது பிறகு விழுந்த எழுத்து. ‘ஹெட் கிஃப்’ (விஷம்) பழைய ‘கிஃப்ட்’டின் தேய்ந்த வடிவம். பெயரடையில் அந்த ‘டி’ இன்னும் இருக்கிறது, நச்சுள்ள என்பதற்கு ‘கிஃப்டிக்’. வேரில் இல்லாத எழுத்து கிளையில் எப்படி வரும்? எனவே முன்பு இருந்தது என்று தெரிகிறது. கொடை ‘டே கிஃப்ட்’, பன்மை ‘கிஃப்டன்’. விஷம் ‘ஹெட் கிஃப்’, பன்மை ‘கிஃபன்’. ஜெர்மனில் நடந்தது போலவே பாலும் பிரிந்துவிட்டது. ஒலி நம்முடைய ககரம் அல்ல, தொண்டையைச் செருமுவது போன்ற உரசொலி.

நடைமுறையில் இது உதைக்கும் இடம் வரிப் படிவம். நெதர்லாந்து வருமானவரிப் படிவத்தில் ‘கிஃப்டன்’ என்ற தலைப்பு அறக்கொடைக் கழிவுக்கானது. ஜெர்மன் மட்டும் தெரிந்தவர் அதைப் பார்த்தால் திடுக்கிட வேண்டியதுதான். ஒருவருக்கொருவர் சொத்தோ பணமோ இனாமாகக் கொடுப்பதற்கு அங்கே வேறு சொல், ‘ஸ்கெங்கிங்’. வரியும் வேறு. இரண்டையும் குழப்பினால் தவறான கட்டத்தில் தொகை போய் உட்காரும்.

வேர்க்கிழங்குக்கு ஒரு திருத்தம், அல்லது சேர்க்கை. ‘எஃப்டி’யைக் கண்டால் வினையைத் தேடு என்ற சூத்திரம் டச்சில் கவனமாகப் பயன்படுத்த வேண்டியது. டச்சு பெரும்பாலான ‘எஃப்டி’க்களை உரசொலி + ‘டி’ ஆக மாற்றிவிட்டது. ஜெர்மன் ‘க்ராஃப்ட்’ (ஆற்றல்) டச்சில் ‘க்ராஹ்ட்’, ‘லுஃப்ட்’ (காற்று) ‘லுஹ்ட்’, ஆங்கில ‘ஆஃப்டர்’ டச்சில் ‘ஆஹ்டர்’. அந்தக் கணக்கில் கிஃப்ட் ‘கிஹ்ட்’ ஆகியிருக்க வேண்டும். இடைக்கால டச்சில் ‘கிஹ்டே’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ‘எஃப்டி’ வடிவம் பிழைத்ததற்குக் காரணம் ‘ஹேவன்’ (கொடு) என்ற வினை கண்ணெதிரிலேயே இருந்ததுதான். ‘ஸ்ஹ்ரிஃப்ட்’ (எழுத்து), ‘ட்ரிஃப்ட்’ (வேகம், உந்துதல்) இரண்டும் தப்பியதும் அதே காரணத்தால். பெற்றோர் உயிரோடு இருந்தால் பிள்ளை பெயரை மாற்றிக்கொள்வது கஷ்டம்.

டச்சிலிருந்து பிறந்த தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸில் ‘கிஃப்’ விஷம், பரிசுக்கு ‘கெஸ்கெங்க்’. குழப்பம் இல்லை.

தேடல்77:

அருமை. ஒரு இடம் இடிக்கிறது. ஐனி மன்னனின் சட்டத்தில் ‘யிஃப்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள், ஸ்வீடிஷிலும் ய. அப்படியானால் இன்றைய ஆங்கிலத்தில் மட்டும் வல்லின ‘கி’ எப்படி?

வேர்க்கிழங்கு:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். ஆங்கிலத்தின் சொந்த வளர்ச்சி ய-தான். ‘ஈ, இ, எ’ முன் வந்த பழைய ‘ஜி’ ய-வாக மாறியது. கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டில் கொடு என்பதற்கு ‘யிவன்’ என்றும் கொடுத்தான் என்பதற்கு ‘யாஃப்’ என்றும் எழுதினார். வல்லினம் வைக்கிங்குகள் வழி வந்தது. அவர்கள் குடியேறிய வட இங்கிலாந்தில் நார்ஸ் ஒலிப்பு ‘கிவ்’ என்று வேரூன்றி மெதுவாகத் தெற்கே இறங்கியது. ‘கிஃப்ட்’டும் அப்படித்தான், பரிசு என்ற பொதுப்பொருளும் அந்தப் பக்கத்துத் தாக்கமே. ‘கெட்’, ‘ஃபர்கெட்’டிலும் இதே ஒலிமாற்றம்.

இதில் வேடிக்கை, நார்ஸ்காரர்கள் ஆங்கிலத்துக்கு வல்லினத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு ஸ்வீடிஷும் நார்வேஜியனும் தாமே ய-வுக்கு மாறிவிட்டன. ஆகவே இன்று ஸ்வீடிஷ்காரர் சொல்வது ஐனியின் காலத்து ஆங்கிலம் போலக் கேட்பது தற்செயல், தொடர்ச்சி அல்ல.

சந்திப்பிழை சொன்ன டச்சுத் திருத்தத்தை ஏற்கிறேன்.

கொடிவழி:

தமிழ் வாசகருக்கு இந்தப் பொருள் மாற்றத்தில் ஒன்றுமே புதிதில்லை என்பதையும் எழுதி வைக்கலாம். ‘பெண் கொடுத்த இடம்’ என்றால் சம்பந்தி வீடு. ‘கொள்வினை கொடுப்பினை’ என்றால் இரண்டு குடும்பத்துக்கு நடுவே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் உறவு. அதே ‘கொடுப்பினை’யைத் தனியே எடுத்து ‘அந்தக் கொடுப்பினை எனக்கில்லை’ என்றால் பாக்கியம். பழைய நார்ஸ் ‘கிப்தா’வில் மணமும் நல்லூழும் சேர்ந்திருப்பது போலவே நம் சொல்லிலும் சேர்ந்திருக்கிறது. விஷத்துக்கு ‘மருந்து’ இருக்கிறது: பூச்சிமருந்து, எலிமருந்து, ‘மருந்தைக் குடித்துவிட்டான்’. மருத்துவரின் சொல்லைக் கடன் வாங்கி நஞ்சின் பெயரை மறைப்பது இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறது.

ஆனால் இங்கே ஒருவர் கட்டாயம் ‘கொடு, கொடுமை, கொடிய நஞ்சு எல்லாம் ஒரே வேர்’ என்று கிளம்புவார். வேண்டாம். தா என்ற பொருளுள்ள கொடு வேறு. வளைந்த, கொடிய என்ற பொருளுள்ள கொடு வேறு. திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ஜெர்மானிக்கில் ஒரே சொல் இரண்டாகத் தெரிகிறது, நம்மிடம் இரண்டு சொல் ஒன்றாகத் தெரிகிறது. அதேபோல ‘கொடுப்பினை – கிப்தா’ ஒப்புமையும் பொருள் நடந்த பாதையில் மட்டும்தான், ரத்த உறவில் அல்ல.

வடகடல்:

கொடுப்பினை! ஐஸ்லாண்டிக் ‘கிஃப்தா’வுக்கு இத்தனை நாளும் ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதியது வீண். இதைவிடச் சரியான தமிழ் கிடையாது.

பயணம் போகிறவர்களுக்கு ஒரு பின்குறிப்பு. ஜெர்மனியின் வட கடற்கரையில், சாங்க்ட் பேட்டர்-ஓர்டிங் பக்கம் போனால் ‘கிஃப்ட்பூடே’ என்ற பெயர் காதில் விழும். அகராதியை வைத்துப் பார்த்தால் ‘விஷக் கொட்டகை’. பயப்பட வேண்டாம். கீழ் ஜெர்மனில் ‘கிஃப்ட்’ என்பது ‘கொடுக்கிறது’ என்ற வினைமுற்று, ஜெர்மன் ‘கிப்ட்’டின் இணை. ‘டோர் கிஃப்ட் டாட் வாட்’ என்றால் ‘அங்கே ஏதோ கிடைக்கும்’. அப்படித்தான் குடிக்கவும் கொறிக்கவும் கிடைக்கும் கடற்கரைக் கொட்டகைக்கு அந்தப் பெயர் வந்தது.

தேடல்77:

அப்படியானால் ஒரு ஜெர்மன்காரர் ‘டராஃப் கான்ஸ்ட் டு கிஃப்ட் நேமன்’ என்றால்? அதில் இருப்பது பரிசா, விஷமா?

வேர்க்கிழங்கு:

விஷம்தான். நேர்ப்பொருள் ‘அதை நம்பி நீ விஷம் குடிக்கலாம்’. ‘சத்தியமாக நடக்கும், சந்தேகமே வேண்டாம்’ என்று அடித்துச் சொல்லும்போது வரும். பேச்சுவழக்கு, அலுவலகக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.